ஓநாய் மேல் போட்ட பழி

பதினைந்து நாளில் மூன்று மாடுகள். மூன்றுமே மேய்ச்சல் மேட்டில் ஓநாய் தின்றதுபோக மிச்சமாகத்தான் கிடைத்தன. மந்தைக்காரனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். உட்கார்ந்தால் எழுவான், எழுந்தால் நடப்பான், தட்டில் சோறு காயும். மீதி நாற்பத்தொரு மாடுகள்தான் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றுகின்றன. தூக்கம் எப்படி வரும்?

ஓநாய் அடித்ததுதான் என்று மாட்டு டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் கூண்டு வைப்போம் என்று வனத்துறை கைவிரித்துவிட்டது. அதனால், நேற்று மாலை தண்ணீருக்குப் போய் மந்தையோடு திரும்பாத மூன்றாவது மாடு கிடந்த இடத்துக்கு டாக்டரம்மாவைக் கையோடு கூட்டி வந்தான். தொடைச் சதை போயிருந்தது. கழுத்தில் பல் பதிந்திருந்தது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? அந்த அம்மாவோ சாவகாசமாகக் கையுறையை மாட்டிக்கொண்டு கழுத்துத் தோலை உரித்தார். அவன் இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு நடந்தான். கண்ணுக்கு முன்னால் இருப்பது தெரியாதா என்று முணுமுணுத்தான். சும்மா இரு என்று கூட வந்திருந்த மனைவி அதட்டினாள்.

உயிரோடு இருக்கும்போது கடித்திருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. அங்கே சதை வெளுத்துக் கிடந்தது. அடுத்து நெஞ்சைத் திறந்தார். நுரையீரல் இறுகிப்போய் விலாவோடு ஒட்டியிருந்தது.

"ஓநாய் வர்றதுக்கு முன்னாடியே செத்துடுச்சு. இது மூச்சுக்காத்துல பரவுற நோய். மாடுங்க இருமுச்சா?"

இருமத்தான் செய்தன. மனைவி சொன்னபோது, ஓநாய் வாசலில் நிற்கிறது, உனக்கு இருமல்தான் பெரிசா என்று எரிந்து விழுந்தவன் அவன்தான். இப்போது அவளை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

"மத்த மாடெல்லாம் தள்ளித் தள்ளித்தானே இருக்கு?"

"இல்லீங்க மேடம். சாயங்காலம் மேட்டுக் குட்டைத் தண்ணிக்கு ஒரு தடவை விடறதோட சரி. ஓநாய்க்குப் பயந்து எல்லாத்தையும் ஒரே பட்டியில நெருக்கி அடைச்சு வச்சிருக்கேன்." விரல் விட்டு எண்ணினான். "ஒன்பது நாளா."

டாக்டரம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"ஓடிப்போய்த் திறந்து விட்டுடட்டுமா?" என்றான்.

"வேண்டாம்ப்பா. இனிமே வெளிய விட்டா அக்கம்பக்கத்து மந்தைக்கெல்லாம் போயிடும். அடைச்சது அடைச்சபடியே இருக்கட்டும்."