நாடாக்கட்டிலின் உயரம்

டயாலிசிஸ் முடிந்து, உடம்பின் தெம்பெல்லாம் வடிந்துபோன நேரத்தில் இருசப்பன் டயாலிசிஸ் சென்டரின் கட்டிலிலிருந்து தானாக எழுந்து நிற்கிறான். மறுநாள் நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, செலியமேட்டில் தன் வீட்டு நாடாக்கட்டிலில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மனைவி தேவி கைகளைப் பிடித்துத் தூக்கவேண்டும். இருவருக்கும் இது விளங்கவில்லை.

“யோவ், நர்ஸப் பாத்தா மட்டும் உனக்கு எங்கருந்துய்யா பலம் வருது?”

“வூட்ல உன்னப் பாத்தா முட்டி நடுங்குதுடி.”

சிரித்தார்கள். ஆனால் தேவியின் லீவு முடிகிறது. திங்கட்கிழமை அவள் துணிக் கம்பெனிக்குத் திரும்பவேண்டும். பகலில் தனியாக எழுந்து கக்கூசுக்குப் போக அவனால் முடியாவிட்டால், அவள் வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்த டயாலிசிஸ் அன்று தேவி அவன் முகத்தை விட்டுவிட்டு முழங்காலைப் பார்த்தாள். அங்கே கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது முழங்கால் இடுப்புக்குக் கீழே இருந்தது. வீட்டில் நாடா தொய்ந்து, முழங்கால் நெஞ்சை நோக்கி ஏறி நிற்கும். சென்டர் கட்டிலின் உயரத்தைச் சாண்போட்டு அளந்தாள்.

“இன்னாக்கா, கட்டில வெல பேசறியா?” என்றாள் நர்ஸ் சுவேதா.

தேவி விஷயத்தைச் சொன்னாள்.

“அதான் காரணம். கிட்னி நோவுல தொடைச் சதை கரைஞ்சிடும். எவ்ளோ தாழ உக்காருறாரோ, தொடைக்கு அவ்ளோ வேல. கட்டில ஏத்துங்க. ஆனா அதோட வுட்டுடாதீங்க. டயாலிசிஸ் இல்லாத நாள்ல, அலுப்பு வர்றதுக்கு முன்னாடி, கொஞ்சம் கொஞ்சமா எழுந்து உக்காந்து பழகட்டும். பழகினாதான் சதை தேறும்.”

தேவி நாடாவை இறுக்கிக் கட்டினாள். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சிமெண்டுக் கல் வைத்தாள். இருசப்பன் விறைப்பாக நிமிர்ந்தபடி எழப் பார்த்தான். பொத்தென்று பின்னால் உட்கார்ந்தான்.

“சென்டர்ல குனிஞ்சிதானே எழுந்தே? காலப் பின்னால இழு. மூக்கு முட்டியத் தாண்டணும்.”

“என் மூக்குக்கு அது ஒரு தூரமாடி?”

பிடிக்கப்போன கைகளைத் தேவி தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவன் குனிந்தான், ஆடினான், எழுந்து நின்றுவிட்டான்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்து, பாதம் தரையில் முழுதாகப் பதியும் உயரத்தில் கட்டில். அதன் நுனிக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் குனிந்து எழவேண்டும். இருசப்பன் இப்போது அப்படித்தான் தனியாக எழுகிறான்.