விட்டுப்போகும் பல்ஸ்

கை கழுவக் குழாயைத் திறக்கப்போன நேரத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட வேலை பார்க்கும் பித்தளையண்ணன் போனில் பேசுவது அவள் காதில் விழுந்தது.

"நடுநடுவுல பல்ஸ் விட்டுப்போகுதுங்க. ஆமா, நேத்தும்தான். எனக்கே தெரியுதே. இல்லைங்க, இப்ப முடியாது. இந்த ஒரு வேலை முடியட்டும்."

மறுபடியும் முதலிலிருந்து அளக்க வேண்டுமா? கையைக் கழுவாமலே திரும்பி நடந்தாள். பராமரிப்புக்காக, எலெக்ட்ரான்கள் சுற்றும் வளையத்தை நிறுத்திய நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. வீட்டில் கண்ணை மூடினாலும் திரையில் ஏறி இறங்கும் காந்த அளவின் வளைகோடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் வேலை காந்தங்களை அளப்பது. கட்டில் நீளத்துக்கு இரண்டு சட்டங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டிலும் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றிப் பதித்த காந்தக் கட்டிகள். நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி. அந்த இடைவெளி வழியாக எலெக்ட்ரான் கூட்டம் பாயும்போது காந்தங்கள் அதை இப்படியும் அப்படியும் நெளிய வைக்கும். நெளியும் இடத்தில் எக்ஸ்ரே வெளிச்சம் பிறக்கும். இந்தப் புதிய சட்டத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. லேசரை உள்ளே விட்டு, கூட்டத்திலிருந்து ஒரு மெல்லிய சீவலை மட்டும் பிரித்து, அந்தச் சீவல் தரும் வெளிச்சத்தை மட்டும் பிடிப்பார்கள். மற்ற வெளிச்சமெல்லாம் வீண்தான். ஆனால் பிடிபடுகிற அந்த ஒரு பல்ஸ் அவ்வளவு குறுகலானது. அணுக்கள் இடம் மாறுவதைக்கூட அதில் பார்த்துவிடலாமாம். அத்தனை சின்ன நொடிக்காக மனிதர்கள் இத்தனை நீளமான நாட்களைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவள் சில சமயம் நினைப்பாள். பிறகு, கொடுக்கக் கிடைத்ததே என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

மேசைக்கு வந்து பழைய அளவுகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டாள். எங்கே விடுகிறது? ஒரு வடக்குக் காந்தம் பலவீனமாக இருக்கிறதா? எவ்வளவு தேடியும் அப்படி எதுவும் அகப்படவில்லை. கடைசியில் லேசர் அறைக்குப் போய் அங்கிருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"ஏம்மா, பல்ஸ் விட்டு விட்டு வருதாமே, உங்க பக்கம் ஏதாச்சும் பார்த்தியா?"

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தப் பல்ஸு அக்கா? வளையமே நின்னு கிடக்கு. லேசரைப் பெட்டிக்குள்ள வெச்சு மூடியாச்சு. ஒழுங்கா தூங்குனீங்களா இல்லையா?"

அவளும் சிரித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். நடைவழியில் பாதி தூரம் வந்ததும் சிரிப்பு நின்றது. வெளிச்சமே இல்லாதபோது எந்தப் பல்ஸ் விட்டுப்போகும்?

இரண்டு நாள் முன்பு பித்தளையண்ணன் அளவெடுக்கும் கருங்கல் மேடை மேல் ஒரு கையை ஊன்றி, கண்ணை மூடி நின்றிருந்தார். பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்து அவளும் கொஞ்சம் தள்ளி நின்று, தலை குனிந்து, அவர் கேட்பதைக் கொடுத்துவிடு ஆண்டவனே என்று வேண்டிக்கொண்டாள். அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் எதுவும் கேட்டிருக்கவில்லை, மயக்கம் தெளியக் காத்துக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் புரிந்தது.

அவள் காந்தங்களை அளக்கும் கூடத்துக்குப் போனபோது அவர் முக்காலியில் உட்கார்ந்து, கத்தரித்த இரும்புத் தகடுகளை வகை பிரித்துக்கொண்டிருந்தார். காந்தத்தின் பலம் கூடக்குறைய இருக்கும் இடங்களில் ஒட்டிச் சரிசெய்யும், காகிதம் போன்ற தகடுகள். அந்த வேலையில் அவர் கைக்கு இணை கிடையாது. சாதாரண ஸ்பேனரோடு யாராவது உள்ளே வந்தால், "இரும்பை வெளிய வெச்சுட்டு வாய்யா, உன் விரலு உனக்கு வேணாமா?" என்று கத்துவார். கூடத்தில் பித்தளைக் கருவிகள் மட்டும்தான். பெயர் வந்ததும் அதனால்தான்.

"அண்ணா, பேஸ்மேக்கர் வைக்கணும்னு சொல்லிட்டாங்களா?"

அவர் நிமிரவில்லை. ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒட்டுக்கேட்டியா?"

"காதுல விழுந்துச்சு. நான் மெஷினைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சு காலையில இருந்து தேடிக்கிட்டு இருக்கேன்."

அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "இதுவும் மெஷின்தாம்மா. பழசு. உதிரி பாகம் கிடைக்காது."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"டாக்டர் சொன்னது தெரியும். லீவு தர மாட்டேங்கறாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். தினமும் உங்க எல்லாரையும் திட்டிக்கிட்டு இருக்கா. நல்லவங்கதான்னு சொன்னா கேக்க மாட்டேங்கறா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்தின் கதவடியில் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தது. இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதைத் தாண்டக் கூடாது. இந்தக் காந்தங்களின் அருகில் வந்தால் அந்தக் கருவி தடுமாறிவிடும். அவரை எது தடுக்கிறது என்று அவள் கேட்கத் தேவையில்லை.

"எல்லாரையும் இரும்பை வெளிய வெச்சுட்டு வரச்சொன்னவன் நான்," என்றார் அவர். "இப்ப எனக்கே நெஞ்சுல வெச்சு தைக்கப் போறாங்க. தெச்சா, இந்தக் கதவோட சரி. இது ஒண்ணை முடிச்சிட்டுப் போயிடறேனே. நீ சார்கிட்ட சொல்லிடாத."

"நான் சொல்லப் போறதில்ல. நீங்கதான் சொல்லப் போறீங்க."

"தங்கச்சி."

"போன வாரம் மேல் சட்டத்தை இறக்குனப்ப என் கை உள்ள இருந்துச்சுண்ணா. இறக்குற சக்கரம் உங்க கையில. அந்த நேரத்துல உங்களுக்குப் பல்ஸ் விட்டுப்போயிருந்தா?"

அவர் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார். இதை அவர் யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கு உடனே வருத்தமாகிவிட்டது. அவள் பயந்தது தன் விரல்களுக்காக அல்ல. ஆனால் தனக்காக வேலையை நிறுத்தாத மனிதர் இன்னொருவருக்காக நிறுத்துவார் என்று அவளுக்குத் தெரியும். கடவுள் சிலரை அப்படித்தான் செய்து அனுப்புகிறார்.

அவர் பிரித்து வைத்த தகடுகளை விரலால் எண்ணிப் பார்த்தார்.

"மிச்சத் தகடை யார் ஒட்டுவா?" என்றார்.

"நான்."

"உனக்குக் கை நடுங்கும்."

"நடுங்கட்டும். தப்பா ஒட்டுனா பிரிச்சுட்டு மறுபடி ஒட்டறேன்."

"விடிஞ்சாப்பலதான்," என்று முனகினார். ஆனால் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மேசையிலிருந்த தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். சாரின் அறைக்குப் போகிறாரா, வீட்டுக்கா என்று அவள் கேட்கவில்லை.

நடைவழியில் வேண்டாத சாமான்களோடு ஒரு சின்ன மேசை கிடந்தது. அதைத் துடைத்து மஞ்சள் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து போட்டாள். முதுகு வலித்தது. தன் திரைகளில் ஒன்றைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். வயர் எட்டவில்லை. இன்னொரு வயரைத் தேடி எடுத்து இணைத்து, யாரும் தடுக்கி விழாதபடி கதவோரமாகத் தரையில் ஒட்டினாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் காந்தம் எட்டாது என்று அவளே எத்தனையோ தடவை அளந்திருக்கிறாள். இருந்தாலும் காந்தம் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு போய், நாற்காலி வரும் இடத்தில் நெஞ்சு உயரத்தில் பிடித்து இன்னொரு தடவை அளந்துவிட்டு, அங்கே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

அவர் திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "சார் வெளிய போயிருக்காரு. வந்ததும் சொல்லணும்," என்றார். பிறகு மேசையைப் பார்த்தார். "என்ன இது, கடை போடறியா?"

"உங்களுக்குத்தான். நீங்க வர்ற வரைக்கும் சும்மா கிடக்கட்டும். வந்தப்புறம் இங்க உக்காந்து சொல்லுங்க, நான் உள்ள ஒட்டறேன்."

"ஓஹோ. நான் சொல்லி நீ கேக்கப் போற."

அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றார். அவள் உள்ளே போய் அளக்கும் கருவியின் முனையை இடைவெளி நெடுக ஓடவிட்டாள். திரையில் கோடு ஏறி இறங்கி வந்து, ஓர் இடத்தில் லேசாகப் புடைத்தது.

"தெரியுது," என்றார் வெளியிலிருந்து. "இடது கோடியில இருந்து வா. இன்னும். அங்கதான்."

அவள் ஒரு தகட்டை இரண்டு விரல்களில் பிடித்து, இடைவெளிக்கு அருகில் கொண்டுபோனாள். அவள் விரலை விடுவதற்குள் காந்தம் அதைப் பிடுங்கிக்கொண்டது. தகடு கோணலாகப் போய் அப்பிக்கொண்டது.

"பிடுங்காத," என்றது குரல். "அது தானா ஒட்டிக்கட்டும். அப்புறம் நகத்தால மெல்லத் தள்ளு. அவசரமே இல்ல."

அவள் நகத்தால் தள்ளினாள். தகடு அசையவில்லை. பிறகு மயிரிழை அசைந்தது. அவளுக்குப் பின்னால், நாற்காலியின் கால்கள் தரையில் உரசி மேசையருகே இழுபட்டன.