புத்துஸ் பண்ணிடுறேன்

கமலநாதனின் வீட்டில் கைப்பேசிக்கு லைன் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். பின்வாசலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு. யோங் பெங் டவுனிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம்தான் அந்த வீடு. ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்தை எந்தக் கோபுரமும் எட்டிப் பார்க்கவில்லை. டயர் கடையைச் சாத்திவிட்டு வந்து, குளித்துவிட்டு, தினமும் மாலையில் அவர் அங்கே போய் நிற்பார். உலு திராமிலிருந்து மலர் பேசுவாள். அவள் பேசப் பேச இவர் "சரி, சரி" என்பார். நிச்சயமான நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது, அவளுக்கு நாற்பத்திரண்டு. இருவருக்கும் இதுதான் முதல் கல்யாணம். கோயில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, பதிவு அலுவலகத்தில் மனுவும் கொடுத்தாகிவிட்டது. இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஒரு நாள் மாலை மலர் பேச்சை வேறு மாதிரி தொடங்கினாள். "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். ரொம்ப நாளா யோசிச்சிக்கிட்டே இருக்கேன். கோவிச்சுக்க மாட்டீங்களே?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கொல்லை ஆடு வேலிக்குள் தலையை விட்டுக் கத்தரிச் செடியைக் கடித்தது. அதை விரட்டக் கமலநாதன் நாலடி நகர்ந்தார். லைன் போய்விட்டது.

மலருக்கு அது தெரியவில்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். போன வருஷம்தான் வீட்டு இணையத்துக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டது, கல்யாணம் ஆனதும் வாடகை வீட்டைக் காலி செய்யப் போவது, தம்பி ஜீவன் சிங்கப்பூரிலேயே அறை எடுத்துக்கொள்ளப் போவது, ஆளில்லாத வீட்டுக்கு மாதாமாதம் கட்டுவதா, பாதியிலேயே அறுத்துவிட்டு அபராதத்தைக் கட்டுவதா என்பது, எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் ஒரு "சரி"க்காகக் காத்திருந்து, அது வராமல் போனபோதுதான் கைப்பேசியைப் பார்த்தாள். முக்கியமானதையெல்லாம் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். இங்கே மழை பிடித்துக்கொண்டது. கமலநாதனால் மரத்தடிக்கு மறுபடி போக முடியவில்லை.

மறுநாள் காலை, கடையில் ஒரு லாரியின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மலரின் குரல் பதிவு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்க் கேட்டார்.

"நேத்து சொன்னதுதாங்க. நல்லா யோசிச்சுட்டேன். இனிமே இழுத்துக்கிட்டே போறதுல அர்த்தம் இல்ல. புத்துஸ் பண்ணிடுறேன். ஜீவனும் அதான் சரின்னுட்டான். பெனால்டி என்ன வருதோ நானே கட்டிக்கிறேன், நீங்க அதப் பத்திக் கவலப்படாதீங்க. இன்னிக்கு லீவு, இன்னிக்கே போயி முடிச்சிடுறேன்."

மலாய்க்காரர்களின் 'புத்துஸ்' சிக்கனமான சொல். கயிறு அறுந்தாலும் அதுதான், மின்கம்பி அறுந்தாலும் அதுதான், நிச்சயித்த கல்யாணம் முறிந்தாலும் அதுதான். ஜொகூரில் தமிழர்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் புழங்குகிறார்கள். எது அறுந்தது என்பதை முன்னால் பேசிய பேச்சிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த முன்பேச்சை ஆடு தின்றுவிட்டிருந்தது.

கமலநாதன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. உலு திராமில் அவளுக்குக் கிளினிக் வேலை இருந்தது, சிநேகிதிகள் இருந்தார்கள், நினைத்தால் பஸ் ஏறி ஜொகூர் பாருவுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வரலாம். இங்கே என்ன இருக்கிறது? செம்பனை மரங்களும், ரப்பர் வாடை போகாத ஓர் ஆளும். இந்தச் சேதி என்றாவது வரும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்ததைப் போலக்கூட இருந்தது. எதையோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் போனது இதுதான்: "சரி. உங்க இஷ்டம்."

உடனே பதில் வந்தது. "தேங்ஸ் லா. இப்பத்தான் மனசு லேசாச்சு."

அதைப் படித்தபோதுதான் வலித்தது.

சக்கரத்தை மாட்டி முடித்து, கடையைப் பாதி நாளிலேயே சாத்தினார். போன வாரம் மலர் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்த டப்பா வீட்டில் இருந்தது. அதை எடுத்துக் கழுவினார். ஊறுகாய் வாடை போக இரண்டு தடவை கழுவினார். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அவர் வீட்டில் இல்லை. கல்யாணம் இல்லையென்று ஆனாலும் அப்படிச் செய்யக்கூடாது என்று, சாலையோரக் கடையில் மரவள்ளிக் கிழங்கு வறுவல் வாங்கி நிறைத்தார். பிறகு நெடுஞ்சாலையில் ஏறினார்.

மாச்சாப் ஓய்விடத்தில் நிறுத்தி ஒரு கொப்பி குடித்தார். குரல் பதிவை மறுபடி கேட்டார். பெனால்டி என்று அவள் சொன்னது மண்டப முன்பணமாகத்தான் இருக்க வேண்டும். அதை அவள் கட்டக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும். அதுவரைக்கும் வார்த்தை சரியாக வந்தது. அதற்கு மேல் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. அதைத்தான் கூலாய் தாண்டும்வரை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டில் ஜீவன் மட்டும் இருந்தான். கூடத்தில் பாதி அட்டைப்பெட்டிகள். அவன் கையில் ஒட்டுநாடா.

"வாங்க மாமா. என்ன திடீர்னு? அக்கா சொல்லவே இல்ல."

"அக்கா இல்லியா?"

"கவுண்டருக்குப் போயிருக்கு, புத்துஸ் பண்ண. இப்ப போனாலும் புடிச்சிடலாம். அங்க எப்பவும் கூட்டம்தான்."

கமலநாதன் டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். "மனுவத் திருப்பி வாங்கப் போயிருக்காங்களா?"

"மனுவா? இல்ல, வெறும் ஐ.சி. கார்டு போதுமாம். மோடத்தையும் கொண்டாரச் சொன்னாங்க. அதுவேற ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் காத்து ஓட்டையில எல்லாம் காஞ்சு கெடக்கு. காலையிலேருந்து அக்கா பல்லு வெளக்குற பிரஷ்ஷால நோண்டிக்கிட்டு இருந்துச்சு."

"எந்த மோடம்?"

"இணையத்துக்குத்தான் மாமா. வேற எதுக்கு மோடம்?"

கமலநாதன் கிடைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அது அமுங்கியது. "இணையத்தையா புத்துஸ் பண்றாங்க?"

ஜீவன் அவர் முகத்தைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான். மெல்ல விளங்கியது. "அலமாக்," என்று தலையில் அடித்துக்கொண்டான். "நீங்க என்ன நெனச்சீங்க?"

அவர் டப்பாவின் மூடியை மறுபடி அழுத்தி மூடினார்.

"மாமா, எந்திரிங்க, அது கண்ணாடிச் சாமான்," என்று அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். இணைய அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்பினான். அவர் காரை எடுப்பதற்குள் அக்காவுக்குச் சேதியும் அனுப்பிவிட்டான்.

கடைவீட்டு வரிசையில் மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பேர் எண் அழைக்கக் காத்திருந்தார்கள். மலர் கடைசி வரிசையில், மடியில் மோடத்தோடு உட்கார்ந்திருந்தாள். கமலநாதனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனார். அந்த இடத்தில் கமலநாதன் உட்கார்ந்தார்.

"ஆடு வந்துச்சு," என்றார்.

"என்ன ஆடு?"

சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மோடத்தின் ஒயரை விரலில் சுற்றினாள்.

"நான் உங்கள வேணாம்னு சொல்லிட்டேன்னு நெனச்சீங்க."

"ஆமா."

"அதுக்கும் சரின்னு எழுதிட்டீங்க."

கமலநாதன் எண் பலகையைப் பார்த்தார்.

"எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. உங்க இஷ்டம்னு எழுதிட்டீங்க. கறிவேப்பிலை வேணுமா கொத்தமல்லி வேணுமான்னு கேட்டா சொல்ற மாதிரி." குரல் உயரவில்லை. உயராமலிருந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "நான் ஒரு வீட்டக் காலி பண்ணிட்டு வரேன். உங்களுக்கு நான் வந்தாலும் ஒண்ணு, வராட்டியும் ஒண்ணா?"

"நாலஞ்சு தரம் எழுதி அழிச்சேன்."

"என்ன எழுதினீங்க?"

"வேணாம்னு."

"என்ன வேணாம்னு?"

"புத்துஸ் பண்ண வேணாம்னு." காதுவரை சூடானது அவருக்கு. "அனுப்பினா, போறவங்கள இழுத்துப் புடிக்கிற மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன். அப்புறம் மனசு கேக்கல. கெளம்பிட்டேன்."

"டப்பா குடுக்க வந்ததா ஜீவன் சொன்னான்."

"வர்றதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல."

மலர் ஒயரை விரலிலிருந்து அவிழ்த்தாள். "இழுத்துப் புடிங்க லா," என்றாள் பிறகு. "நாப்பத்திரண்டு வயசு வரைக்கும் என்னை யாரும் இழுத்துப் புடிச்சதில்ல. எப்படி இருக்குன்னு நானும் பாக்குறேன்."

அவர்களுடைய எண் வந்தது. கவுண்டரில் தலைத்துண்டு அணிந்த இளம்பெண். மலாயில்தான் பேச்சு. ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டாள். வீடு மாறுகிறோம் என்றாள் மலர்.

"புது முகவரி சொல்லுங்கள், அக்கா. அங்கே எங்கள் லைன் இருந்தால் நிறுத்த வேண்டியதில்லை, மாற்றிக் கொடுத்துவிடலாம்."

மலர் வாயைத் திறந்தாள். முகவரி வரவில்லை. அந்த வீட்டுக்கு மூன்று தடவை போயிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அவர்தான் ஓட்டிக்கொண்டு போனார். அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"லோட் எட்டு," என்றார் கமலநாதன்.

"லோட் எட்டு," என்று அவள் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"ஜாலான் செந்தோசா, பத்து டூவா, யோங் பெங்."

அவர் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். முடிந்ததும் ஒரு தரம் முழுவதையும் தானாகச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் தட்டச்சு செய்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அங்கே லைன் இல்லை. லைன் இல்லாத இடத்துக்குப் போகிறவர்களுக்கு அபராதத்தைக் குறைக்கச் சொல்லி மேலே எழுதிக் கேட்கலாம், உறுதியில்லை என்றாள். மோடத்தைக் கையில் வாங்கினாள். ஓரத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் வைத்தாள்.

"இன்றைக்கே அறுத்துவிடட்டுமா?"

"ஆமாம்," என்றாள் மலர்.

"வேண்டாம்," என்றார் கமலநாதன்.

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கே அது வேறு யாரோ சொன்னது போலத்தான் இருந்தது.

"எதுக்கு வேணாம்?" என்று தமிழில் கேட்டாள் மலர்.

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. சாயங்காலம் எப்படிப் பேசுவீங்க?"

"கைப்பேசியில டேட்டா இருக்கு லா."

"இருக்கட்டும்." அதற்கு மேல் நியாயம் ஒன்றும் கிடைக்காமல் கொஞ்சம் தேடினார். "நீங்க அங்க இருக்குற வரைக்கும் எதையும் அறுக்க வேணாம்."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மலர் மோடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பைக்குள் வைத்தாள். கல்யாணம் முடிந்து இருவரும் சேர்ந்து வருகிறோம், அப்போது எழுதிக் கேட்டுக்கொள்ளலாம் என்று மலாயில் சொன்னாள். வாழ்த்துகள் அக்கா, என்றாள் அந்தப் பெண்.

படியிறங்கும்போது மலர் பையை அவர் கையில் கொடுத்தாள்.

"வாய் திறக்காதவருன்னு எல்லாரும் சொன்னாங்க, நம்பிட்டேன்," என்றாள். "தொறந்ததும் மொத வார்த்தையே எனக்கு எதிராத்தான் வருது. இது தெரிஞ்சுதான் கட்டிக்கிறேன், பாத்துக்குங்க."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் கமலநாதன்.

"இல்ல. காலையிலேருந்து சந்தனம் சொரண்டிக்கிட்டு இருந்தேன்."

கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருந்தது. அவள் முன்னால் நடந்தாள்.