கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு

எங்கள் ஊரில் மீன் பிடித்தவன் அதைப் பிடித்த இரையோடு வீட்டுக்கு நடக்கமாட்டான். மீன் கரைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் போலி இரையைத் தூண்டில் நரம்பிலிருந்து அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அன்றைய தண்ணீருக்குக் கொஞ்சமும் பொருந்தாத வேறொன்றை முடிந்துகொள்வான். பாலத்தில் நிற்பவர்கள் கண்ணில் படுவது அதுதான். எதில் மாட்டியது என்று யாராவது கேட்டால் தோளில் கை போட்டு மணி, ஆழம், எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் என்று அவன் விவரமாகச் சொல்வான். விவரம் கூடினால் பொய் என்று அர்த்தம். உண்மையைச் சொல்கிறவன் எங்கோ பார்த்துக்கொண்டு இரண்டு வார்த்தை முனகுவான். திரினா ஆற்றங்கரையில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். என் மனைவி ரஸியாவின் தம்பி ஸியாதுக்கும் தெரியும்.

ஸியாதும் நானும் மரம் அறுக்கும் மில்லில் பதினோரு வருடம் ஒரே ரம்பத்தில் நின்றோம். நான் இந்தப் பக்கம் மரத்தைத் தள்ள, அவன் அந்தப் பக்கம் பலகையை இழுப்பான். என் இடதுகையில் இரண்டு விரல் அந்த மில்லோடு போயிற்று. இலையுதிர்காலத்தில் மில்லையே பூட்டிவிட்டார்கள்.

அப்போதுதான் ஆஸ்திரியாவிலிருந்து திரும்பிய ஃபாஹ்ரோ ஆற்றோரம் விடுதி கட்டி, குளிர்காலத்தில் மிலாதித்ஸா பிடிக்க வருகிற வெளிநாட்டுக்காரர்களை வைத்துக்கொள்ள ஆரம்பித்தான். ஆள் இடுப்பு உயரத்துக்கு வளர்கிற மீன் அது. அதைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அவர்களைக் கூட்டிப்போக ஃபாஹ்ரோவுக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும். ஸியாதும் நானும் போய்க் கேட்டோம். பல் டாக்டர் ஒருவர் தங்கியிருக்கிறார், ஆளுக்கு ஒரு நாள் அவரைக் கூட்டிப் போங்கள், யார் நாளில் மீன் மாட்டுகிறதோ அவனுக்கு வேலை, மாட்டவேயில்லை என்றால் மூத்தவனுக்கு என்றான் ஃபாஹ்ரோ.

கிடைக்காதவன் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். ஸ்லொவேனியாவில் கூரை போடுகிற வேலைக்கு ஸியாதை ஒருவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அவன் மனைவி மெர்சிஹாவுக்கு ஏழாவது மாதம். என்னை அப்படியும் யாரும் கூப்பிடவில்லை. நாற்பத்தெட்டு வயதில் எட்டு விரல்காரனை எவன் கூரைமேல் ஏற்றுவான்?

வெள்ளிக்கிழமை என் நாள், ஞாயிற்றுக்கிழமை ஸியாதுடையது. உறைபனி, வெயில். முழங்கால் ஆழத்தில் நின்றால் பூட்ஸ் கயிற்றின் முடிச்சு தெரிந்தது. அத்தனை தெளிந்த தண்ணீரில் மீனுக்கு எல்லாம் தெரியும். அதனால் சின்னதாக, களிம்பேறி மங்கிய செம்புத் தகடு ஒன்றைக் கட்டிக்கொடுத்தேன். நிழல் தண்ணீரில் விழாமல் நில்லுங்கள் என்றேன். டாக்டர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒரு மீன் பின்னாலேயே வந்து, அவர் நிழலைக் கண்டு திரும்பியது. நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம்.

சனிக்கிழமை காலையில் தெற்குக் காற்று அடித்து மலையில் பனி உருகத் தொடங்கியது. மேலே அணையையும் திறக்கப்போவதாகச் சொன்னார்கள். மத்தியானம் ஸியாத் எங்கள் சமையலறைக்கு வந்து இரைப்பெட்டியை மேசைமேல் திறந்துவைத்தான். வெள்ளித் தகடுகள், சாயம் பூசிய மரமீன்கள், ஓரமாக ஒரு கறுப்புக் கொத்து. ஈயத்தலையில் பத்துப் பன்னிரண்டு கறுப்பு ரப்பர் வால்கள், அட்டைப்பூச்சிகளைச் சேர்த்துக் கட்டியதுபோல.

"மச்சான், நாளைக்குத் தண்ணி கலங்கிடும். இரும்புப் பாலத்துக்குக் கீழ என்னத்தக் கட்டட்டும்?"

அவன் கலங்கிய தண்ணீரில் நின்றதே இல்லை. எனக்குப் பதில் தெரியும். வெள்ளி மின்ன வெளிச்சம் வேண்டும். மேகமும் சேறும் இருந்தால் அது தண்ணீரோடு தண்ணீராகச் சாம்பல் நிறமாகிவிடும். அடியில் கிடக்கிற மீன் அண்ணாந்து பார்க்கும்போது வானத்துக்கு எதிரே கறுப்பு ஒன்றுதான் தெரியும்.

அடுப்பிலிருந்து எடுத்த பீத்தா அடையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்த ரஸியா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முன்னால் பொய் சொல்ல முடியாது. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

அவன் தோளில் கை போட்டேன்.

"கறுப்புக் கொத்துடா. பதினோரு மணிக்கு மேல, ரெண்டாவது தூணுக்கு இடப்பக்கம். ரெண்டு ஆள் ஆழம் இருக்கும். அடியத் தொட்டதும் மூணு எண்ணி மெதுவாத் தூக்கு. வெள்ளியத் தொடவே தொடாத. அஞ்சு வருஷம் முன்னாடி எனக்கு அங்கதான் மாட்டுச்சு."

அத்தனையும் உண்மை. ஸியாத் தன் தோளில் கிடந்த என் கையைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"இவ்வளவு தாராளமா நீ பேசி நான் கேட்டதே இல்ல மச்சான்."

"சொன்னதக் கேட்டு நடடா, மண்டைக்கனம் பிடிச்சவனே," என்று ரஸியா அவன் தட்டில் இன்னொரு துண்டை வைத்தாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை நான் பாலத்தில் போய் நின்றேன். ஆறு பால் விட்ட காப்பி நிறத்தில் ஓடியது. டாக்டர் வீசும்போதெல்லாம் காற்றில் வெள்ளிதான் தெரிந்தது. காலையிலிருந்து அதே வெள்ளி. இரண்டு மணிவாக்கில் ஸியாத் பெட்டியைத் திறந்து கறுப்புக் கொத்தைக் கையில் எடுத்தான். எடுத்தவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

நான் சும்மா இருந்திருந்தால் அதைக் கட்டியிருப்பான். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் பெரிதாகத் தலையாட்டினேன். அதேதான், கட்டு கட்டு என்று கையை ஆட்டிக் காட்டினேன்.

அவன் அதைப் பெட்டியில் போட்டு மூடினான்.

இரண்டு நாளும் மீன் மாட்டவில்லை, மூத்தவன் நான். திங்கட்கிழமை ஃபாஹ்ரோ எனக்கு விடுதியின் பெயர் தைத்த சட்டையைக் கொடுத்தான். புதன்கிழமை அதே தூண், அதே கலங்கல். கறுப்புக் கொத்தைக் கட்டினேன். டாக்டரின் நாலாவது வீச்சில் மீன் எடுத்தது, நூற்றெட்டு சென்டிமீட்டர். மீனின் வாயோரம் அந்தக் கொத்து தொங்குகிற படத்தை விடுதியின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். ஊரே பார்த்தது.

ஸியாத் அன்று சாயங்காலமே வந்தான். பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"ரெண்டு வார்த்தையில சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொன்னது உண்மையா இல்லையா?"

"உண்மைதான். அதத்தான் நானும் சொல்றேன்."

ரஸியாவுக்கு அது புரியவில்லை. மீன்பிடிக்கிறவர்களின் இந்தக் கூத்தெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவள் காதால் கேட்டது கறுப்பு, படத்தில் பார்த்ததும் கறுப்பு. புருஷன் தன் பிழைப்பைக்கூடப் பார்க்காமல் உள்ளதைச் சொன்னான், தம்பி கேட்காமல் கெட்டதோடு வீடேறிப் பழியும் போடுகிறான் என்று அவளுக்கு ஆத்திரம். மச்சானிடம் மன்னிப்புக் கேட்கிறவரை இந்தப் படி மிதிக்காதே என்றாள். ஸியாத் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். நான் அடுப்பில் ஒரு கட்டையைச் செருகினேன்.

மறுவாரம் அவன் கூரை வேலைக்காக ஸ்லொவேனியாவில் இருக்கிற மாரிபோருக்கு பஸ் ஏறினான். பெண் குழந்தை பிறந்தபோது அவன் இல்லை. ரஸியாவும் போய்ப் பார்க்கவில்லை. ராத்திரியில் அழுதாளே தவிரப் போகவில்லை.

பைராம் பெருநாள் காலையில் போன் வந்தது. அன்றைக்கு மனஸ்தாபம் உள்ளவர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அக்காளும் தம்பியும் நெடுநேரம் பேசினார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள்.

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம்."

அவன் கேட்டான். குழந்தையை ரஸியா வந்து பார்க்கவேண்டும், அதனால் கேட்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. எனக்கு அதைச் சொல்லித் தெரியவேண்டியதும் இல்லை. ரஸியா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போகட்டும்டா," என்றேன். "நான் மனசுல வெச்சுக்கல."