அச்சகச் சந்தின் வழியே

நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மூளை இரத்தக் குழாய்களும் அந்நகரத்தின் சாலைகளும் ஒன்றேயாகும் என்பது, அவருடைய நாற்பதாம் வயதில், ஸ்கேன் அறைக்கு வெளியே போடப்பட்டிருந்த இரும்புப் பெஞ்சில் வைத்துக் கண்டறியப்பட்டது. பணிமனைக் கதவு நெற்றியில் இடித்ததற்காக எடுக்கப்பட்ட படத்தை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, முழங்கால் வலியோடு அருகில் காத்திருந்த நகராட்சி நில அளவையாளர் எட்டிப் பார்த்து, "எங்க ஆபீஸ் மேப்பை உங்களுக்கு யார் சார் குடுத்தது?" என்று சினந்து கேட்டார். கடைவீதி, மேம்பாலம், குளத்தைச் சுற்றிவரும் வளைவு, அச்சகத்தின் பின்புறமுள்ள ஒருவழிச் சந்து ஆகிய அனைத்தும் அளவு பிசகாமல் அப்படத்தில் காணப்பட்டன. ஊரார் இதனை இரண்டு நாள் பேசினர்; மூன்றாம் நாள் தக்காளி விலையைப் பேசத் தொடங்கினர். அது முதல் போக்குவரத்து ஆய்வாளர் காலைதோறும் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, இன்னைக்குத் தலை எப்படி?" என்று விசாரிப்பதை வழக்கமாகக் கொண்டார். ஓட்டுநர் தும்மினால் சிக்னல்கள் ஒருமுறை கண்சிமிட்டும். அவருக்குத் தலைவலி எனில் பள்ளிகளில் முதல் மணி தாமதமாகவே அடிக்கப்படும்.

ஓட்டுநர் ஓயாது பேசும் இயல்பினர் ஆவார். அவருடைய பேருந்தின் ஹாரன் பழுதாகிப் பல்லாண்டுகள் ஆகியும் எவரும் அதனைச் சரிசெய்ய முற்படவில்லை. அவருடைய குரலே போதுமானதாக இருந்தது. தவறான வழியில் வண்டி ஓட்டி வருவோரை அவர் ஒருபோதும் சும்மா விட்டதில்லை. தையற்கடை நடத்தி வந்த அவருடைய மனைவி, "ஏங்க, பஸ்ஸை டிப்போல விட்டுட்டு ஹாரனை மட்டும் வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பதுண்டு. ஆயினும் கணவர் இரவுப் பணிக்குச் சென்ற நாள்களில், வீட்டின் அமைதி தாங்காமல், அம்மையார் தைக்க வேண்டிய துணி எதுவும் இல்லாமலேயே தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருப்பார்.

ஓட்டுநரின் ஐம்பத்திரண்டாம் வயதில், ஒரு திங்கட்கிழமை காலையில், பணிமனைத் தேநீர் மேசையில் அவர் சொல்லிக்கொண்டிருந்த நகைச்சுவை பாதியில் நின்றது. வாயின் வலப்பக்கம் சரிந்தது, குவளை நழுவியது. அந்நொடியிலேயே கடைவீதிச் சந்திப்பிலும் அதைச் சுற்றிலும் எல்லா வண்டிகளும் நின்றன. எஞ்சின்கள் ஓடின, சக்கரங்கள் உருளவில்லை. நடத்துநர் அவரைத் தோளில் சுமந்து சாலையைக் கடந்து எதிரிலிருந்த மருத்துவமனையில் சேர்த்தார். மூளையின் இடப்பக்கக் குழாய் ஒன்றை இரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்றும், தாமதிக்கத் தாமதிக்கப் பேச்சு திரும்பாமலே போய்விடும் என்றும் அங்கு அறிவிக்கப்பட்டது. மண்டையைத் திறக்காமல், மணிக்கட்டின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, திரையில் தெரியும் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே கட்டியை உறிஞ்சி எடுக்கவல்ல மருத்துவர் அந்நகரில் ஒருவரே இருந்தார். அவரோ மேம்பாலத்தின் மீது தம் காருக்குள் சிக்கியிருந்தார். மருத்துவர் வந்தாலன்றிக் கட்டி நீங்காது. கட்டி நீங்கினாலன்றி மருத்துவர் வர இயலாது.

கழுத்தில் அளவு நாடா தொங்க ஓடிவந்த மனைவி, கணவரின் வாயிலிருந்து வெறும் காற்று மட்டுமே வருவதைக் கண்டார். "திட்டவாவது செய்ங்களேன்," என்றார். பின்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருத்துவருக்குத் தொலைபேசியில் அழைத்தார். "டாக்டரம்மா, உங்க காரை நிறுத்தி வச்சிருக்கிறதே எங்க வீட்டுக்காரர்தான். அதை நம்பி உக்காந்திருக்காதீங்க, இறங்கி வந்துருங்க."

வண்டிகள் ஒன்றோடொன்று உரசி நின்றமையால் காரின் கதவைத் திறக்க இடமில்லை. ஆகவே மருத்துவர் சன்னல் வழியே வெளியேறி, கார்களின் கூரைகள் மீது நடக்கலானார். ஒவ்வொரு சன்னலிலிருந்தும் ஒரு கை நீண்டு அவரைத் தாங்கியது. "பெயிண்ட் போனாப் போகுது, நல்லா மிதிங்கம்மா!" என்றார் புதுக்கார் வாங்கியிருந்த ஒருவர். "சீக்கிரம் டாக்டர், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பொண்ணு காத்திருக்கா," என்றார் கோட்டு அணிந்த மாப்பிள்ளை. "மாப்ளே, நீங்க போய்ச் சேரலைன்னா பொண்ணு தப்பிச்சான்னு நினைச்சுக்கோங்க!" என்றார் பின்னாலிருந்த லாரிக்காரர்.

சிகிச்சை அறையில், ஓட்டுநர் விழித்தபடியே மேசையில் கிடத்தப்பட்டார். குழாய்களைப் படத்தில் காட்டும் சாய மருந்து பாய்ந்ததும் திரையில் நகரம் கறுப்பாகக் கிளைவிட்டது. கடைவீதிச் சந்திப்புக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் செலுத்திய குழாய் மேம்பாலத்து இறக்கத்தில் மீண்டும் மீண்டும் சறுக்கித் திரும்பியது. அவரும் எக்ஸ்ரே கருவியை இயக்கியவரும் அவ்வழியே நாள்தோறும் வேலைக்கு வருபவர்கள் என்பது இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது.

"மேடம், பாலத்தை விடுங்க. அச்சகச் சந்துல நுழைஞ்சு அந்தப் பக்கமா வந்துருங்க," என்றார் கருவியை இயக்கியவர்.

"அது ஒன்வேப்பா. எதிர்ல வண்டி வரும்."

"ஊரே நிக்குது மேடம். எதிர்ல என்ன வந்துடப்போகுது?"

மருத்துவர் முறைத்தார், பிறகு குழாயைச் சந்துக்குள் திருப்பினார். அது வழுக்கிக்கொண்டு சென்று கட்டியை முட்டியது. உறிஞ்சப்பட்டு வெளிவந்த கட்டி ஒரு மிளகின் அளவே இருந்தது. திரையில் கிளைகள் ஒவ்வொன்றாகக் கறுத்து மலர்ந்தன. வெளியே முதலில் தண்ணீர் லாரி நகர்ந்தது. அதன்பின் கடைவீதி நகர்ந்தது. நகரம் முழுவதும் ஒரே குரலில் ஹாரன் அடித்தது. மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சென்று சேர்ந்தார்.

அனைவரும் ஓட்டுநரின் உதடுகளையே நோக்கி நின்றனர். அவை அசைந்தன, நின்றன, மறுபடியும் அசைந்தன.

"எவன்யா அது," என்றார் அவர், "ஒன்வேல வந்தது?"

கண்ணாடிக்கு அப்பால் நின்ற மனைவி சுவரில் சாய்ந்து, அழுதுகொண்டே சிரித்தார். "வந்துட்டாரு," என்றார். "இனி நான் காதுல பஞ்சு வச்சுக்கலாம்."

மணிக்கட்டில் ஒரு புள்ளி மட்டுமே தழும்பாக எஞ்சியது. ஓட்டுநர் பணிக்குத் திரும்பினார். அந்த நகைச்சுவையின் மீதிப் பாதியைச் சொல்லி முடித்தார். அது அவ்வளவு நன்றாக இல்லை என்று நடத்துநர் கருதினார். நகராட்சி, அச்சகச் சந்தின் ஒருவழிப் பலகையை அகற்றி, அதனை இருவழிச் சாலையாக அறிவித்தது. சில ஆண்டுகளுக்குப் பின் கடைவீதிச் சந்திப்பின் மேல் இரண்டாவது மேம்பாலம் திறக்கப்பட்டது. அடுத்த வாரம் வழக்கமான பரிசோதனைக்கு எடுக்கப்பட்ட படத்தில், அதே இடத்தில், முன்னெப்போதும் இல்லாத ஓர் இரத்தக்குழாய் அழகாக வளைந்து சென்றது. மருத்துவர் அதனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, படத்தின் ஓரத்தில் 'இயல்பு' என்று எழுதி, அடுத்த நோயாளியை உள்ளே அழைத்தார்.