ராணி கதை கேட்கும் வீடு

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பத்தாம் பிளாக் குவார்ட்டர்ஸின் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: நாற்காலியில் பரமசிவம், சுவரோரமாக அவர் மனைவி நாகம்மாள், ஜன்னலடியில் தலைசீவிப் பவுடர் பூசிய இளைய மகன் பழனிசாமி, வாசற்படியில் பக்கத்து வீட்டுக் கலியம்மாள். மூத்த மருமகள் தனம் சமையலறைக் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்தாள். அவளையும் ஆளாக எண்ணுவது அந்த வீட்டில் வழக்கமில்லை.

அவள் கணவன் மருதாசலம் மைன்ஸில் பெர்மனென்ட் ஆக இருந்தவன். மஞ்சள்காமாலையில் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவனுக்குப் பதிலாகக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கிடைக்கும். முதல் உரிமை மனைவிக்கு. அவள் விட்டுக்கொடுத்தால் தம்பிக்கு. யாரும் சேராவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். அவள் விருப்பத்தைக் கேட்டுப்போக அதிகாரி சிங்காரவேல் அன்று வருவதாக இருந்தார்.

"என்ன சொல்லோணும்னு ஞாபகம் இருக்குதா அம்மிணி?" என்று நாகம்மாள் கதவைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்குதுங்க அத்தை."

"சொல்லு பாக்கலாம்."

"வேலையைக் கொழுந்தனாருக்கே குடுத்துருங்க."

"அதையே சொன்னீன்னா இங்கயே ஒரு மூலைல இருந்துக்கலாம். மாத்திச் சொன்னீன்னா பொறந்த ஊட்டுக்கு பஸ் ஏறிக்க."

பழனிசாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். இருபத்தாறு வயதில் அவன் செய்துகொண்டிருந்த முழுநேர வேலை அதுதான். அண்ணன் மனைவியின் சோற்றில் கைவைக்கிறோம் என்ற கூச்சம் அவன் முகத்தில் இல்லை. பெற்றவர்கள் முகத்திலும் இல்லை. மானம் என்ற சொல் மட்டும் அந்த வீட்டில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். மானமுள்ள குடும்பத்துக்கு அதைச் சொல்லிக்காட்டும் தேவை வருவதில்லை.

"வர்ற வரைக்கும் கதையப் படி," என்றார் பரமசிவம்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த ராணி கதையைத் தனம்தான் படித்துச் சொல்ல வேண்டும். கணவனை இழந்தவள் முன்னறையில் எரியும் சாமி விளக்குக்கு எதிரே வரக்கூடாதாம். அதனால் கதவை ஒருக்களித்து, அதன் பின்னால் உட்கார்ந்து படிப்பாள். விளக்குக்கு அவள் முகம்தான் ஆகாது, குரல் ஆகும். இப்படி ஓர் ஆசாரத்தைக் கண்டுபிடித்தவர் பரமசிவமேதான்.

"போன வாரம் ராசா செத்துட்டாரு," என்றாள் கலியம்மாள். "அப்புறம் இன்னா ஆச்சுன்னு தெரியாம எனுக்கு சோறே எறங்கல. படி தனம்."

தனம் படித்தாள். அரசனின் தம்பி முத்திரை மோதிரத்தைக் கேட்கிறான். மந்திரிகள் தலைகுனிந்து நிற்கிறார்கள். வெள்ளைப் புடவையோடு ராணி தர்பாருக்குள் நடந்து வருகிறாள். யாரையும் கேட்காமல் சிம்மாசனத்தில் அமர்கிறாள்.

பரமசிவம் தொடையில் தட்டினார். "அப்படிப் போடு. இதுதான் நம்ம வம்சம். அந்த ராணியம்மா படைக்கு நம்ம பாட்டன் பூட்டன்தான் தளபதி. நம்ம பொம்பளைங்க ரத்தம் அப்படி."

கதை எழுதியவருக்கே தெரியாத உறவு அது.

"அந்தத் தம்பிக்காரன் மூஞ்சியில கரியப் பூசணும்," என்றாள் கலியம்மாள். "கூச்சம் இல்லாம வந்து நின்னுகினு கேக்கறான் பாரு." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். பழனிசாமி வெளியே வேடிக்கை பார்த்தான்.

சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிங்காரவேல் உள்ளே வந்தார். காப்பி வேண்டாமென்றார். "அந்தம்மாவைக் கூப்பிடுங்க."

"அங்கிருந்தே சொல்லுவாளுங்க. குரல் நல்லாக் கேக்கும்," என்றார் பரமசிவம்.

"குரலுக்கு வேலை குடுக்க முடியாதுங்க பெரியவரே. ஆளை நேர்ல பாக்கணும்."

பரமசிவம் விளக்கைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகனுக்கு வேலை கிடைப்பதானால் விளக்கு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்று முடிவு செய்தார். "வா அம்மிணி, இப்படி முன்னால வா," என்று அவரே கூப்பிட்டார்.

தனம் வந்தாள். பத்திரிகை கையில் இருந்தது. படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்திருந்தாள்.

"உங்க விருப்பம் என்னம்மா?"

"வேலை எனக்குத்தாங்க வேணும்," என்றாள். "பத்தாவது பாஸ் பண்ணியிருக்கறனுங்க."

நாகம்மாள் எழுந்தாள். "சொல்லிக் குடுத்தது என்ன, நீ சொல்றது என்ன?"

"சொல்லிக் குடுத்தீங்களா?" என்று சிங்காரவேல் கேட்டார். நாகம்மாள் உட்கார்ந்துகொண்டாள்.

பரமசிவம் தொண்டையைக் கனைத்தார். "எங்கூட்டுப் பொம்பளைங்க படி தாண்டிச் சம்பாரிக்கறதில்லீங்க. குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குது."

"ராணியம்மா மட்டும் தர்பாருக்கு வரலாங்களா ஐயா?" என்றாள் கலியம்மாள்.

"அது கதை."

கொஞ்ச நேரத்துக்கு முன்பு அது வம்சமாக இருந்தது.

"உள்ள போ," என்றார் பரமசிவம் தனத்திடம்.

தனம் போகவில்லை. விளக்குக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பத்திரிகையைப் பழனிசாமியிடம் நீட்டி, "மிச்சத்தை நீங்க படிச்சுக் காட்டுங்க கொழுந்தனாரே. மாமா ஆசையா இருக்கறாங்க," என்றாள். பிறகு சிங்காரவேலைப் பார்த்து, "எந்த எடத்துக்கு வரோணுங்க?" என்று கேட்டாள்.

ராணி கதை படித்துப் புத்தி கெட்டு, மாமனாரை அடித்துவிட்டு, மருதாசலத்தின் மனைவி யாரோ ஓர் ஆபீசரோடு ஓடிப்போனாள் என்று குள்ளஞ்சாவடி வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவள் யாரையும் அடிக்கவில்லை, எங்கும் ஓடவில்லை. மைன்ஸ் ஸ்டோர்ஸில் பகல் வேலையான ஜெனரல் ஷிஃப்ட் பார்க்கிறாள். குவார்ட்டர்ஸ் அவள் பெயருக்கு மாறியிருக்கிறது. பரமசிவமும் நாகம்மாளும் பழனிசாமியும் அதில்தான் குடியிருக்கிறார்கள்.