ஏனுங்க என்ற பெயரில் ஒரு பயணி

கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊருக்குப் போனதும், பேக்கேஜ் டூர் வந்து கோகிலவாணியின் வீட்டுக் கூடத்தில் தங்கிவிட்டது. புதுசாகக் கல்யாணமான வீடுகளில் அது சகஜம்தான். ஈரோட்டில் அந்த மாதம் தெருவுக்கு ஒரு டூர் தங்கியிருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலிகளை பஸ்ஸில் போடுகிற மாதிரி வரிசையாகப் போட்டு, ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களுக்கு மஞ்சள் தொப்பி. பெண்களுக்குப் பட்டுப்புடவைமேல் ஸ்வெட்டர். ஜன்னலோரத்துக்கு மட்டும் அவ்வப்போது சண்டை வந்தது. முன்னால் டூர் மேனேஜர் திருமலைசாமி, மடக்கிய குடையின் நுனியில் மஞ்சள் கைக்குட்டையைக் கட்டி உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சும்மா சொல்லக்கூடாது, தூங்கும்போதுகூட அந்தக் குடை இறங்கவில்லை.

“நீங்களும் தம்பியும் வந்து உட்கார்ந்தீங்கன்னா கெளம்பிரலாமுங்க அம்மிணி,” என்றார் அவர். “தேனிலவு ஸ்பெசல். பாரிசு, ரோமு, சுவிசு. எங்க போனாலும் மத்தியானம் சாம்பாரு, சாயங்காலம் ரசஞ்சோறு.”

“நாங்க தனியாப் போறமுங்க,” என்றாள் கோகிலவாணி.

ஒரு அம்மாள் கடித்த முறுக்கை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டாள்.

“தனியான்னா, ஆரு கூட?”

“அவருகூடத்தானுங்க.”

“அப்ப அது தனி இல்லீங்களே,” என்றார் திருமலைசாமி.

கோகிலவாணிக்கு இது விளையாட்டு இல்லை. வெள்ளியங்கிரிக்குக் கழுத்தை நீட்டிய நாளிலிருந்து அவனை அவள் தனியாகப் பார்த்ததே கிடையாது. விருந்துக்குப் போன வீடுகளில் அவனை ஆண்கள் பந்தியில் உட்கார வைத்தார்கள். இரண்டு தோள்களுக்கு நடுவில் அவன் காது மட்டும் தெரிந்தது. அறைக்குள் போனால், பீரோமேல் இருக்கிற பெட்டியை எடுக்க யாராவது வந்தார்கள். பக்கத்தில் ஒருத்தரும் இல்லாதபோது இந்த மனிதன் என்ன பேசுவான், எப்படிச் சிரிப்பான்? இது தெரியாமலே பிள்ளை பெற்று, வளர்த்து, கட்டிக் கொடுத்துக் கிழவியாகிவிடுவோமோ என்று பயந்தாள். அதற்குத்தான் ஐரோப்பா. அங்கே சொந்தக்காரர்கள் கிடையாது என்று கேள்விப்பட்டிருந்தாள்.

“ஒண்ணு சொல்லிப்போடறேன்,” என்றார் திருமலைசாமி. “பேக்கேஜ்ல நெலா சேர்த்திங்க. தனியாப் போனா தேன் மட்டுந்தான். நெலாவுக்கு நீங்களேதான் ஏற்பாடு பண்ணிக்கோணும்.”

மாமியார் சம்பூரணத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. “நெலா இல்லாம எப்படிக் கண்ணு?”

“வெளிச்சத்துலயே இருந்துக்கறமுங்க அத்தை,” என்றாள் கோகிலவாணி. பிடித்த பிடியில் நின்றாள்.

அன்று மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் ஐரோப்பாப் படத்தை விரித்தார்கள். படம் கட்டிலை விடப் பெரிசு. ஒரு ஓரம் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. அங்கே இருந்த நாடுகளைப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். சுவிட்சர்லாந்து மடிப்பைப் பிரித்ததும் பொலபொலவென்று பனி உதிர்ந்தது. வெள்ளியங்கிரி துண்டை எடுத்துத் துடைத்துவிட்டான்.

எந்த ஊரின்மேல் விரலை வைத்தாலும் அதற்குள்ளிருந்து தாளிக்கிற சத்தம் வந்தது. டூர் அங்கே ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஊரில் மட்டும் சத்தமே இல்லை.

“இந்த ஊருல என்ன இருக்குது வாணி?”

“ஒண்ணுமில்லீங்க. ஒரு பெஞ்சு இருக்குது.”

“எத்தன பேரு உட்காரலாம்?”

“ரெண்டு பேருதானுங்க.”

“அப்ப அங்கயே போலாம்,” என்றான் வெள்ளியங்கிரி. அவன் இப்படிச் சட்டென்று சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முகம் சிவந்து படத்தை மடிக்க ஆரம்பித்தாள்.

ஈரோட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் பின்கதவு வழியாகப் போவதுதான் சுருக்கு. குளியலறைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் இருந்த சந்து, அவர்கள் நடக்க நடக்க நீண்டது. பாதி வழியில் குளிரடித்தது. சந்தின் முடிவில், ஆட்டுக்கல் கிடந்த இடத்தில், மேசை போட்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐரோப்பாவுக்குள் விடுவதும் விடாததும் அவள் கையில். வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

“எங்கிருந்து வாறீங்க?”

“உள்ள இருந்துங்க.”

“எதுக்கு?”

“பெஞ்சுல உட்காரங்க.”

“கூட ஆரு?”

“எங்கூட்டுக்காரருங்க.”

“பேரு?”

புருஷன் பேரை எப்படிச் சொல்வது? அதிலும் அது வெறும் புருஷன் பேர் இல்லை. அவனுடைய தாத்தா பேர். அந்த வீட்டில் அந்தப் பேரைப் பெண்கள் யாரும் வாயால் சொன்னது கிடையாது. வெள்ளியங்கிரியோ பின்னால் குனிந்து, சேற்றில் சிக்கிய பெட்டிச் சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனே வந்து சொல்லட்டும் என்று அவள் திரும்பிக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க!”

“ஏனுங்க,” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் டிக்கெட்டில் எழுதினாள். “சரி, போங்க.”

“ஐயோ, அது பேரில்லீங்க. நாங் கூப்பிடறதுங்க.”

“கூப்பிடறதுதான பேரு?”

இந்தத் தப்பை நம் பக்கத்துப் பெண்களைத் தவிர உலகத்தில் வேறு ஒருத்தராலும் செய்ய முடியாது.

“அந்தப் பேருல நெறையப் பேரு போயிருக்கறாங்க, பயப்படாதீங்க,” என்றாள் அந்த அம்மாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் தொப்பியை எடுத்து வெள்ளியங்கிரியிடம் நீட்டினாள். “அந்தப் பேருக்குத் தொப்பி உண்டு.” அவன் மரியாதைக்கு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

அவர்கள் போன ஐரோப்பாவில் பொழுது சாயவே இல்லை. நிலாவுக்கு ஏற்பாடு இல்லாததால் சூரியன்தான் முழு நேரமும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எந்நேரமும் சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முந்தின வெயில்.

ரயில், பார்க்கிற பக்கமெல்லாம் வந்தது. தெருவெல்லாம் தண்ணீராக இருந்த ஊரில், இவர்கள் படகு போவதற்கு வீடுகள் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டன. ஒரு மாதாகோயில் மணிக்கூண்டு வெள்ளியங்கிரியிடம் மணி கேட்டது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னான். அது முள்ளைத் திருத்திக்கொண்டது.

இன்னொரு ஊரில் குதிரைமேல் இருந்த கல் ராஜா இறங்கிவந்து இவர்களைப் படம் எடுத்துக் கொடுத்தார். “இன்னுங் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க,” என்றார். ராஜா சொல்லும்போது தட்ட முடியுமா? நின்றார்கள். அவன் சட்டையில் வசம்பு வாசனை மாதிரி ஏதோ அடித்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக அந்தப் பெஞ்சு வந்தது. புல்வெளி நடுவில் தனியாக இருந்தது. எதிரில் வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய பனிமலை, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மலைக்கு முதுகு உண்டா என்று கேட்காதீர்கள். முதுகைப் பார்த்தால் முதுகு என்று தெரிந்துவிடும்.

உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு முழ இடம் விட்டுத்தான்.

“என்னைய ஆருமே பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல வாணி,” என்றான் வெள்ளியங்கிரி, கேட்காமலே.

“ஏனுங்க அப்படி?”

“மாமனாரு பேரு வாயில வரக்கூடாதுன்னு அம்மா ‘தம்பி’ங்கும். அப்பாவுக்கு அவுங்கப்பா பேரு, அதனால ‘சாமி’ம்பாரு. பள்ளிக்கூடத்துல நம்பரு. பேங்குல சாரு. நம்ம கல்யாணப் பத்திரிகைல போட்டதோட சரி.”

“அப்ப பேரு அப்படியே புதுசா இருக்குதுங்களா?”

“அட்டப்பெட்டியே பிரிக்கல,” என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பின் கடைசியில் ஒரு சின்ன விக்கல் வந்தது.

அந்த விக்கலைக் கேட்டதும் கோகிலவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். இதற்குத்தானே இவ்வளவு தூரம். இந்த விக்கல் இந்த உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது புல்வெளியில் முதலில் ஒரு குடை தெரிந்தது. பிறகு பஸ் தெரிந்தது. பாதையே இல்லாத இடத்தில் பாதையில் வருகிற மாதிரி வந்து நின்றது. உள்ளே அவர்கள் வீட்டுக் கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. முன் ஸீட்டில் மாமியார் சம்பூரணமும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

ஆண்கள் இறங்கி வரிசையாக நின்றார்கள். பிறகு பெண்கள் இறங்கினார்கள். இறங்கினதும் ஆளாளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

“ஏனுங்க, ஸ்வெட்டரப் போடுங்க!”

“ஏனுங்க, மாத்திரை சாப்புட்டீங்களா?”

“ஏனுங்க, அக்கட்டப் போகாதீங்க, பனி!”

வெள்ளியங்கிரி எழுந்தான். கூப்பிட்டால் எழுந்திருக்கிற வளர்ப்பு. பையில் இருந்த தொப்பி மெதுவாகச் சட்டைமேல் ஏறித் தலையில் போய் உட்கார்ந்தது. அவன் நாலு எட்டு வைத்து ஆண்களோடு வரிசையில் நின்றான். நின்றதும் எல்லாருக்கும் அவன் முகம் வந்துவிட்டது.

கோகிலவாணி ஓடினாள். “ஏனுங்க!”

மொத்த வரிசையும் திரும்பியது. “என்ன வாணி?”

குரல்கூட அதேதான். அவள் முழிக்கிற முழியைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள். எல்லாருடைய சிரிப்பின் கடைசியிலும் ஒரு சின்ன விக்கல். அடக் கொடுமையே! தனக்கு மட்டும் என்று அவள் வைத்திருந்ததைப் பந்தியில் வைத்துப் பரிமாறிவிட்டார்களே.

“ரசம் ஆறுதுங்க அம்மிணி,” என்றார் திருமலைசாமி. “ஏதோ ஒருத்தரக் கையப் புடிச்சு ஏத்துங்க. எல்லாம் நல்ல மனுசருங்கதான்.”

“ஆமா கண்ணு,” என்றாள் முறுக்கு அம்மாள். “எங்கூட்டுக்காரரே போன டூருல மாறி வந்தவருதான். ஒரு கொறையுமில்ல. காப்பிக்குச் சக்கரை மட்டும் கொஞ்சம் எச்சு.”

“உங்களுக்கு வித்தியாசம் தெரியலீங்களா?”

“மொதல்ல இருந்தவரத் தெரிஞ்சிருந்தாத்தான?” என்றாள் அந்த அம்மாள்.

டிரைவர் பஸ்ஸைக் கிளப்பினார். வெள்ளியங்கிரிகள் ஒவ்வொருவராக ஏற ஆரம்பித்தார்கள். இன்னும் கொஞ்சத்தில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எவன் யார் என்று எந்த ஜென்மத்துக்கும் தெரியாது.

அவள் மூச்சை இழுத்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று முன் ஸீட்டில் இருந்த ஒருத்திக்குப் புரிந்துவிட்டது. சம்பூரணம் இறங்கி ஓடிவந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிப்போடாத கண்ணு. என்ற மாமனாரு பேரு அது. பெத்தவ நானே ஒரு நா வாயில எடுத்ததில்ல.”

“உங்களுக்குக் கூப்புடோணும்னு தோணுனதே இல்லீங்களா அத்தை?”

சம்பூரணம் பிடித்த கையை விட்டுவிட்டு ஸ்வெட்டர் பித்தானைப் போட்டுக்கொண்டாள். போட்ட பித்தானையே மறுபடியும் போட்டாள்.

கோகிலவாணி கூப்பிட்டாள்.

“வெள்ளியங்கிரி!”

முதலில் மலை திரும்பியது. வெள்ளி நிறம் அல்லவா, தன்னைத்தான் என்று நினைத்திருக்க வேண்டும். நிதானமாக முழுசாகத் திரும்பி யார் என்று பார்த்தது. அதற்கு ஒரு பெரிய, சாதுவான முகம் இருந்தது.

பிறகு பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்த ஒருத்தன் அப்படியே நின்றான். மற்றவர்கள் அவனைத் தாண்டி ஏறிக்கொண்டார்கள். அவன் தொப்பியைக் கழற்றிப் படியில் வைத்தான். புதுச் செருப்புப் போட்டவன் மாதிரி பார்த்துப் பார்த்து நடந்து வந்தான்.

“என்னையா?” என்று கேட்டான்.

“உங்களத்தானுங்க.”

திருமலைசாமி பெருமூச்சு விட்டார். குடையை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாண் இறக்கி, பிறகு உயர்த்திக்கொண்டார். சம்பூரணம் ஏறிப் பின் ஸீட்டில் போய் உட்கார்ந்தாள். பஸ் புறப்பட்டது.

பின் கண்ணாடியில் அவள் உதடு அசைவது தெரிந்தது. முதல் எழுத்து வந்தது. மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். பஸ் வளைவில் திரும்புகிற வரைக்கும் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

இருவரும் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார்கள். வெயில் அதே இடத்தில் இருந்தது. மலை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இன்னொருக்காச் சொல்லு,” என்றான் அவன்.

சொன்னாள். மலை எழுந்து வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தது. அதற்கு இடம் விடுவதற்காக அவர்கள் நன்றாக நெருங்கி உட்கார வேண்டியிருந்தது.